தலைமையகம் துனிஸுக்குப் போன காரணம்

வசீலா அண்ணியிடம் மணி கேட்டால் மணியைச் சொல்லிவிட்டு, "எதுக்குக் கேக்கறே?" என்பார். பதில் வரும்வரை விடமாட்டார். துனிசியாவின் ஸ்பாக்ஸ் நகரில் எங்கள் எண்ணெய்க் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவை நெடுங்காலமாக நடத்திவந்தவர் அவர். நான் அதே கம்பெனியில் ஆலிவ் எண்ணெயை ருசி பார்த்துத் தரம் பிரிக்கிறவன். அவர் கணவர் மோன்ஜி என் சித்தி மகன், அந்த முறையில்தான் எனக்கு அண்ணி. எங்கள் ஊரில் எண்ணெய்த் தொழில் செய்கிறவர்களில் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத இரண்டு பேரை யாராவது காட்டினால் நான் ஒரு பக்க மீசையை எடுத்துக்கொள்ளத் தயார்.

நான் வேலைக்கு வந்த புதிதில் அண்ணி என் அறைக்குள் நுழைந்து, ருசி பார்க்கும் குவளை ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். எண்ணெயின் நிறம் தெரிந்தால் நாக்கு ஏமாந்துவிடும், பச்சையாக இருந்தாலே நல்ல எண்ணெய் என்று மனசு முடிவு கட்டிவிடும் என்றேன். நம்பவில்லை. ஒரு குவளையை வீட்டுக்கு எடுத்துப்போய் மோன்ஜி அண்ணனுக்கு மட்ட எண்ணெயையும் நல்ல எண்ணெயையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்திருக்கிறார். அண்ணன் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். அண்ணிக்கு அப்புறம்தான் திருப்தி.

பெரிய முதலாளி காலமானதும் அவர் மகன் ஸீ அனீஸ் பொறுப்புக்கு வந்தார்; 'ஸீ' என்பது எங்கள் ஊர் 'ஐயா'. வந்து மூன்றாவது வருஷம், தலைமையகத்தைத் தலைநகரான துனிஸுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். ஆலைகள் இங்கேயே இருக்கும், அலுவலகம் மட்டும் போகும். விருப்பமுள்ளவர்கள் கூடப் போகலாம், மற்றவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவருடைய இரண்டு சித்தப்பாக்களும் பங்குதாரர்கள், அவர்கள் கையெழுத்து வேண்டும். ஸீ அனீஸ் நாலு காரணம் எழுதிக் கொடுத்தார்: வங்கிகள் பக்கத்தில், அமைச்சகம் பக்கத்தில், விமான நிலையம் பக்கத்தில், படித்த இளைஞர்கள் கிடைப்பார்கள். சித்தப்பாக்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வசீலா பாத்துச் சொல்லட்டும், அப்பறம் கையெழுத்து" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

இதில் அண்ணியின் கழுத்துக்கே கத்தி இருந்தது. மோன்ஜி அண்ணன் மீன் சந்தையில் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் இந்த ஊர்க் குரல். துனிஸில் போய் நின்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பிள்ளைகள் இருவரும் கனடாவில். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். நண்பகல் ஆனால் அண்ணி அலுவலகத்திலிருந்து வருவார், அண்ணன் சந்தையிலிருந்து மீனோடு வருவார், சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் பிற்பகல் வேலைக்குப் போவது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். வியாழக்கிழமைகளில் நானும் ஒரு தட்டோடு உட்கார்ந்துவிடுவேன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமே என்றால், அந்த வேலைதான் அண்ணி. அதை எடுத்துவிட்டால் அவர் கேள்விகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

"எனக்குப் போக இஷ்டமில்லை," என்றார் என்னிடம். "அதான் பயமா இருக்கு. அந்தப் பையன் எழுதினது எல்லாமே தப்புன்னு தோணுது. நெஜமாவே தப்பா, இல்லை என் மனசு பண்ற வேலையான்னு தெரியலை. இதுக்கு ஒரு நீலக் குவளை இருந்தா குடேன்."

"அதுக்கு நான் எங்க போவேன் அண்ணி? துனிஸுக்கே போய்ப் பாருங்க."

போனார். எங்கள் கடன் கோப்பைப் பார்க்கும் வங்கி அதிகாரி அவரைக் கண்டதும் திகைத்துப்போய், "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எல்லாம் கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிடுமே. நாங்கதான் ஸ்பாக்ஸுக்கு வர ஏதாவது சாக்குக் கெடைக்குமான்னு பாக்கறோம், உங்க ஊர் மீன் சூப்புக்காக" என்றாராம். அமைச்சகத்தில் எங்கள் வேலை வருஷத்தில் ஓரிரு தடவைதான் வரும். விமான நிலையம் உண்மைதான், ஆனால் இத்தாலிக்காரர்கள் வந்தால் ஆலையைப் பார்க்காமல் போகமாட்டார்கள், எப்படியும் இங்கே வந்தாக வேண்டும். படித்த இளைஞர்கள் கிடைப்பார்கள்தான், அடுத்த வருஷமே வேறு கம்பெனிக்குத் தாவிவிடுவார்கள். ஏரிக்கரையில் பார்த்து வைத்திருக்கும் கட்டடத்தின் வாடகையைக் கேட்டதும் அண்ணிக்குத் தலை சுற்றியது.

நாலு காரணமும் நிற்கவில்லை. அத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அண்ணியால் முடியவில்லை.

"அனீஸ் முட்டாள் இல்லை," என்றார் வியாழக்கிழமைச் சாப்பாட்டில். "முட்டாள் இல்லாத ஒருத்தன் இவ்வளவு மோசமான காரணம் எழுதறான்னா, நல்ல காரணத்தை வேற எங்கயோ வெச்சிருக்கான்."

நாங்கள் ஸ்பாக்ஸ்காரர்கள். யாராவது எதையாவது செய்தால் அதில் என்ன லாபம் என்று பார்ப்பதுதான் எங்கள் புத்தி. அவர் அங்கே மனை வாங்கியிருப்பார் என்றேன் நான். மாமனார் வீடு அங்கேதானோ என்றார் மோன்ஜி அண்ணன். அண்ணி ஒவ்வொன்றையும் விசாரித்தார். மனை இல்லை. மனைவியும் இந்த ஊர்ப் பெண்தான், துனிஸ் என்றாலே முகம் சுளிக்கிறவள். எவ்வளவு தோண்டினாலும் லாபம் என்று ஒன்று தட்டுப்படவில்லை. அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. கவலையால் இல்லை, ஆவலால். பேச்சுக்குப் பேச்சு கண் மின்னும். எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. உங்கள் வீடு பிரியப்போகிறது, நீங்கள் விடுகதை போட்டுக்கொண்டிருக்கிறீர்களே என்று.

அந்தச் சமயத்தில்தான் மோன்ஜி அண்ணனின் தங்கை ராவுதா மகளுக்குக் கல்யாணம். ராவுதா வாழ்க்கைப்பட்டது எங்கள் போட்டிக் கம்பெனிக்காரர் வீட்டில். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணும் மாப்பிள்ளையும் மீனைத் தாண்டும் நாள். அண்ணனே சந்தையில் தேடிப்பிடித்து முழங்கை நீள மீன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தரையில் கிடந்த மீனை இருவரும் கை கோத்துத் தாண்டித் தாண்டிக் குதிக்க, பெண்கள் குலவையிட, கண்ணேறு கழிந்தது என்று எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அப்போது ராவுதாவின் மாமியார் அண்ணியின் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"ஏரிக்கரையில ரெண்டாவது மாடியா எடுக்கறீங்க? மேல எடுத்திருந்தாக் காத்து வருமே. ஆமா, ஜெனோவாக்காரனுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் எறங்கி வரப்போறீங்களாமே, அவன் எப்பவும் இழுப்பான், விடாதீங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அண்ணி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ரெண்டாவது மாடி என்பதை அண்ணி ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார், செவ்வாய்க்கிழமை மதியம், வீட்டில் அண்ணனோடு கத்திரிக்காய் வதக்கிக்கொண்டே. எங்கள் எண்ணெயை வாங்கும் இத்தாலிக்காரருக்கான அந்த ஜெனோவா விலையும் அன்றுதான். அந்த வருஷம் மூன்று பெரிய ஆர்டர்களை அந்தக் கம்பெனி எங்களிடமிருந்து மயிரிழையில் தட்டிக்கொண்டு போயிருந்தது. சந்தை மோசம் என்று நாங்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் அண்ணி நேரே ஸீ அனீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அதை என்னிடம் வரிக்கு வரி சொல்லியிருக்கிறார்.

"நெஜமான காரணம் என் வீட்டு மதியச் சாப்பாடு. அப்படித்தானே அனீஸ்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீடு மட்டும் இல்லை அக்கா. எங்க அம்மா வீடும்தான். கணக்குப் பிரிவு ஃபாத்தி வீடு, லாரி அனுப்பற நூரி வீடு. காலைல நான் விலை வெக்கறேன். மத்தியானம் ஊரே வீட்டுக்குப் போகுது. சாயங்காலம் அவங்க நம்மளை விடக் கம்மி விலை வெக்கறாங்க."

"இதை எழுதித் தொலைச்சிருக்கலாமே."

"யார்கிட்ட? சித்தப்பாவோட சம்பந்தியே அந்தக் கம்பெனிக்காரர்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க எல்லாரும் வாயாடிங்கன்னு எழுதினா கையெழுத்துப் போடுவாரா?"

"வாயை மூடுங்கன்னு எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா மூடியிருப்பீங்களா?"

இந்தக் கேள்விதான் அண்ணியைப் பிடித்துக்கொண்டது. பதில் தெரியாத கேள்வியை அவர் அப்படியே விடமாட்டார். மூடிப் பார்க்கிறேன் என்று வீட்டுக்கு வந்தார். மதியம் மோன்ஜி அண்ணன் வழக்கம்போல, "இன்னிக்கு என்ன விலை?" என்றார். சந்தைக்காரருக்கு அது சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி. அண்ணி ஏதோ முணுமுணுத்தார். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் அண்ணன் என் அறைக்கே வந்துவிட்டார், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"உங்க அண்ணிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? என்கிட்டப் பேச மாட்டேங்கறா. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமை நான் போனபோது சாப்பாட்டு மேசையில் ஸ்பூன் சத்தம் மட்டும்தான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்த அண்ணி திடீரென்று ஜெனோவா, மார்சேய், பீப்பாய், விலை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. கேட்கக் கேட்க இரண்டாவது தட்டு சூப் ஊற்றிக்கொண்டார். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டேன்," என்றார் அண்ணி. "இப்பதான் மனசுல எழுதி முடிச்சேன். நாலு காரணமும் தப்பு, ஆனா போகணும்னு."

அண்ணன் ஸ்பூனை வைத்தார். "எதுக்கு?"

"நீ கேட்டா நான் சொல்லிடறேன். உன் தங்கச்சி கேட்டா நீ சொல்லிடறே. ஆலையில எத்தனை பேர் வேலை பாக்கறாங்க, மோன்ஜி. இந்த மாதிரி இன்னும் ரெண்டு வருஷம் போனா ஆலையே இருக்காது."

"இனிமே நான் கேக்கலை."

"கேக்காத உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? இந்த மூணு நாள் பட்டது போதும்."

அன்று பிற்பகல் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்து, வீட்டுக்குக் கிளம்புமுன் முதலாளியின் அறைக்குள் போனார். உறையை நீட்டுவதற்குள் ஸீ அனீஸ் எழுந்து நின்று, "ரொம்ப நன்றி அக்கா. போகலாம்னு எழுதியிருக்கீங்களாமே. எங்க அம்மா மூணு மணிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க" என்றார். அண்ணி சிரித்துவிட்டாராம். இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?

சித்தப்பாக்கள் கையெழுத்துப் போட்டார்கள். காகிதத்தில் அண்ணி என்ன காரணம் எழுதினார் என்று கேட்டேன். "படிச்ச பசங்க கெடைப்பாங்கங்கற நாலாவது காரணத்துல கொஞ்சம் உண்மை இருக்குன்னு எழுதினேன்" என்றார். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே மழுப்பல் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் குளிர்காலமே ஜெனோவா ஆர்டர் எங்களுக்கு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அண்ணி துனிஸிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போகிறார். சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு இப்போது என்னையும் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேராக உட்கார்ந்தால் பேச்சு தட்டுகிறது போலிருக்கிறது. அண்ணன் வானிலை பேசுவார், கால்பந்து பேசுவார், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு எண்ணெய் பக்கமே வரமாட்டார்.

போன சனிக்கிழமை அண்ணி பொறுக்க முடியாமல், "எதையாவது கேளேன் மோன்ஜி" என்றார்.

அண்ணன் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார். விலை கேட்டுப் பழகிய வாய், வேறு என்ன கேட்கும்?

"அங்க மீன் என்ன விலை?"

"எனக்கு என்ன தெரியும்," என்றார் அண்ணி. "ஒருத்திக்குப் போய் யாரு சட்டி வெக்கறது?"