மைமூன் லாத்தா வீட்டு மழைத்தொட்டி

மைமூன் லாத்தா போயிட்டாங்க. இன்னைக்குக் காலையில... நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு.

நான் எழுதுறதை இங்க படிக்கிற பாதிப் பேருக்கு அவங்களைத் தெரியாது. சாத்தான்குளத்துல நான் வேலை பார்த்த ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர். ஸ்டாஃப் ரூம்ல எனக்குப் பக்கத்து நாற்காலி. 'மிஸ்'னு கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க. லாத்தான்னுதான் கூப்பிடணும். எங்க பக்கம் அக்காவை அப்படித்தான் சொல்லுவோம்.

சொந்த விஷயம் எதுவும் நான் இங்க எழுதுறதில்லை. இன்னைக்கு எழுதாம இருக்க முடியல.

நான் அங்க வேலை பார்த்தப்ப அவங்க வீட்டுக் கிணறு உப்பாகிப் போச்சு. பருப்பு வேகாது. டீ வாயில வைக்க முடியாது.

சவுதியில இருந்த மச்சான், அதான் லாத்தா வீட்டுக்காரர், ஊருக்கே திரும்பி வர்றதா இருந்தார். வந்ததும் வீட்டை வித்துட்டு திருநெல்வேலி டவுணுக்குப் போயிரலாம்னு போன்ல தினமும் அதே பேச்சு.

லாத்தாவால போக முடியாது. ஸ்கூல்ல சேர்க்கிற வயசு வர்றதுக்குள்ள காய்ச்சல்ல போன மகள், அங்க பள்ளிவாசல் மையவாடியில, அடக்கம் பண்ணின இடத்துலதான் இருக்கா. மொட்டை மாடியில நின்னா அந்தச் சுவர் தெரியும்.

ஒரு நாள் லஞ்ச் டப்பாவைத் திறக்காமலே சொன்னாங்க. "தண்ணி இல்லைன்னுதானே போவணுங்குதாவ... தண்ணிய நான் காட்டுதேன்."

அப்படித்தான் அந்த மழைத்தொட்டி. கிணத்துக்குள்ள இறக்குற சிமெண்ட் உறையை வாங்கி, பின்கட்டுல தரைக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாங்க. அடியில கான்கிரீட், இடுக்குக்கெல்லாம் பூச்சு. மாடியில இருந்து ஒரு பைப். அது விழுற இடத்துல ஜல்லியும் மணலும் கரியும் போட்ட ஒரு டிரம்.

கொத்தனார் போன பிறகு லாத்தாவே உள்ள இறங்கி சிமெண்ட் பால் அடிச்சாங்க. நான் மேல நின்னு கயித்துல வாளி இறக்கினேன். உள்ள இருந்து குரல் மட்டும் பெருசா வந்துச்சு. "ஏட்டி, பைய விடு. மச்சான் வரும்போது எனக்குத் தலை இருக்கணும்."

ஐப்பசியில முதல் மழை ஸ்கூல் நேரத்துல வந்துச்சு. லாத்தா ஜன்னல்கிட்ட போய் நின்னாங்க. அப்படி ஒரு முகம்... அப்புறம் சட்டுன்னு தலையில கை வச்சாங்க.

மாடி பூரா மோர் மிளகாய் காயப் போட்டிருந்தாங்க.

உப்புத் தண்ணி வேண்டாம்னு கட்டின தொட்டியில மோரும் உப்பும் இறங்கியிருந்துச்சு. இனி உங்க வீட்டுக் குழம்புக்குத் தனியா உப்பு எதுக்குன்னு தமிழ் சார் கேட்டார். எங்களை விட லாத்தாதான் அதிகமா சிரிச்சாங்க.

சாயங்காலம் மொத்தத் தண்ணியையும் திறந்து விட்டப்ப சிரிக்கல. மச்சானுக்கு டிக்கெட் போட்டாச்சு.

அதுக்கப்புறம் வானம் மூடும், கலையும். போர்டுல கணக்குப் போட்டுக்கிட்டே வெளியே பார்ப்பாங்க. பிள்ளைங்களும் சேர்ந்து பார்க்கும்.

கார்த்திகை கடைசியில ஒரு நாள் பகல் முழுக்க ஊத்துச்சு. போன் பண்ணினாங்க. "பாதிக்கு மேல ஏறிட்டுடி." சொன்ன கையோட வச்சுட்டாங்க.

மச்சான் வந்தார். அந்தத் தண்ணியில போட்ட டீயைக் குடிச்சார். இன்னொரு கிளாஸ் கேட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் லாத்தா அழுததைப் பார்த்தேன்.

டவுண் பேச்சு அதோட நின்னு போச்சு.

இன்னைக்கு நான் போனப்ப, லாத்தாவைக் குளிப்பாட்டக் கிணத்துத் தண்ணியை நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. மச்சான் வந்து அதைக் கொட்டச் சொன்னார். தொட்டி மூடியை யாரையும் தொட விடல. அவரே தூக்கி, அவரே மோந்து மோந்து குடுத்தார். நாங்க பெண்கள் வாங்கிக்கிட்டோம்.

அடக்கம் பண்ணிட்டு வந்ததும், டவுண்ல இருக்கிற மச்சானோட தம்பி, அவர் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். இனி இங்க தனியா எதுக்கு, எங்க கூட வந்துருங்கன்னு மெதுவாக் கேட்டார்.

மச்சான் மையவாடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"பிள்ளையும் அவ உம்மாவும் இங்கன கெடக்காவ. நான் எங்கனலே போவ?"

மண்ணு உங்களுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும், லாத்தா.