விழுங்கிப் பார்த்த காப்பி

என் அக்கா ஒரு நாளைக்கு நாற்பது கோப்பை காப்பி ருசி பார்ப்பாள். ஒரு சொட்டுகூட விழுங்க மாட்டாள். காப்பிக்கொட்டை வாங்கி வறுத்து விற்கும் கடையில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் வறுப்பவன், அவள் தேர்ந்தெடுப்பவள். கரண்டியில் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, காலடியில் இருக்கும் தகரக் குவளையில் துப்பிவிடுவாள். அத்தனையும் விழுங்கினால் தூக்கம் போய்விடும், நெஞ்சு படபடக்கும். வீட்டுக்கு வந்தாலோ காப்பி வாசனையே ஆகாது. காப்பிப் பைத்தியமான மாமா, அக்காவைக் கட்டிய இந்த இருபத்திரண்டு வருஷமும் தனியாகத்தான் குடித்தார்.

மாமா பேருந்து ஓட்டியவர். தொண்டையில் கட்டி வந்து, கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தபோது ஆள் பாதியாகிவிட்டார். எதைக் கொடுத்தாலும் தலையை ஆட்டி ஒதுக்கினார். இந்த மாதத்துக்குள் வாய்வழியாக ஏதாவது இறங்காவிட்டால் வயிற்றில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, காப்பி. காட்டமில்லாமல், நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள் என்றார் டாக்டர்.

அக்காவுக்கு இது கைவந்த கலையாயிற்றே. காட்டமில்லாதது என்றால் தண்ணீர்க் காப்பி இல்லை என்று, ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி, எனக்கே பாடம் எடுத்தாள். கசப்பு கூடின ரொபஸ்டா கொட்டை கூடாது, மென்மையான அராபிகாதான். கருக வறுத்தால் கசக்கும், சீக்கிரம் இறக்கினால் புளிக்கும், நடுவில் நிறுத்து. பொடி கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும், கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றாதே. கடையின் ருசி மேசையில் அவளிடம் முதல் மதிப்பெண் வாங்கிய கொட்டையாகப் பார்த்து எடுத்துப் போனாள். பழவாசனையும் தேன் இனிப்புமாக இருந்தது. மாமா ஒரு வாய் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரம் வேறு கொட்டை, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அதே ஒரு வாய், அதே பாராட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கடைக்குக் கிளம்பியதும் மாமாவைப் பிடித்துக் கேட்டே விட்டேன்.

“நாக்குல அருமையாத்தான்டா இருக்கு. கீழ இறங்கும்போதுதான் முள்ளு மாதிரி கீறுது,” என்றார் கரகரத்த குரலில். “அவகிட்ட சொல்லிடாதே. மனசு ஒடிஞ்சு போயிடுவா.”

சொல்லாமல் இருக்க நான் என்ன மகானா? நேரே கடைக்குப் போய், ருசி மேசை முன்னால், நாலு பேர் பார்க்கவே கத்தினேன். “துப்புறவளுக்குத் தொண்டையில என்ன நடக்குதுன்னு எப்படிக்கா தெரியும்?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. தகரக் குவளையைக் காலால் தள்ளிவிட்டு, முதல் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து விழுங்கினாள். பிறகு அடுத்தது. முதல் மதிப்பெண் வாங்கியதை விழுங்கியபோது கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. அந்தப் பழவாசனைக்குள் இருந்த புளிப்புதான் வாயில் மணந்துவிட்டுப் போகிற வழியில் பிறாண்டியிருக்கிறது. பதினோராவது கோப்பையில் நின்றாள். தாழ்வான தோட்டத்துக் கொட்டை அது. மற்றதோடு கலக்க மட்டும் வாங்குவோம். புளிப்பும் இல்லை, மணமும் இல்லை, வெறும் சாதுக் கொட்டை என்று வருஷா வருஷம் கடைசி மதிப்பெண் போட்டவளே அவள்தான். இரண்டு தரம், மூன்று தரம் விழுங்கினாள்.

“இதைப் பதமா வறுத்துக் கொடுடா,” என்றாள். குரல் உடைந்திருந்தது. கத்தியதற்காக எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை நானும் அங்கே இருந்தேன். மாமாவுக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்காது என்று பழகிப்போய், டம்ளரின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றியிருந்தாள். தனக்கும் ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா அதைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் தன்னுடையதைக் குடித்தார். குரல்வளை ஏறி இறங்கியது. மறுபடி குடித்தார். டம்ளர் காலியாகிவிட்டது.

“இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டார்.

அடுப்படியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அக்கா தன் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.