மூன்றாவது பீப்பாய் இன்னும் ஆகவில்லை

மாமியார் மருமகளைப் புகழ்ந்து பேசினால் கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை. பிறகு, இந்தம்மாவுக்கு அவளிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு காரியமும் ஆக வேண்டியதில்லை. என் மருமகளை நான் புகழத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

நான், என் மகன், மருமகள், மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். ரயில் பாதையை ஒட்டி இருக்கிற சின்ன ஜின் தொழிற்சாலை. நான் முன்கட்டில் உட்கார்ந்து ஜூனிபர் காய்களில் காம்பும் கல்லும் பொறுக்குகிறேன், ஆரஞ்சுத் தோல் சீவுகிறேன். இதெல்லாம் சாராயத்தோடு சேர்ந்து செம்புக் கொப்பரையில் கொதித்து, ஆவியாகி, குளிர்ந்து இறங்கினால் அதுதான் ஜின். என் மகன் பின்கட்டில் இருக்கிறான். இறங்கிய ஜின்னைக் கரி நிரப்பிய உருளைகள் வழியாக ஓட்டி, தெளிய வைத்து, பாட்டிலில் அடைப்பது அவன் பொறுப்பு. அவனுக்கு அங்கே 'பளிங்கு' என்று பட்டப்பெயர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். துளி மங்கல் தெரிந்தாலும் மொத்தத் தொட்டியையும் திரும்ப ஓட்டுவான். வீட்டிலும் இதே கதைதான். நான் கழுவிக் கவிழ்த்த டம்ளரை எனக்குத் தெரியாமல் மறுபடி கழுவுகிறான். எனக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மருமகளைக் கண்டுபிடித்தது நான். இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லேபிள் ஒட்டும் மேசைக்குப் புதிதாக வந்திருந்தாள். அதற்கு முன் ஒரு சலவைக் கடையில் வேலை. அழுக்குத் துணியை மோந்து பார்த்தே எந்த வீட்டு மூட்டை என்று சொல்லிவிடுவாளாம். ஒரு நாள் டீ வாங்கப் போகிறவள் என் பக்கத்தில் நின்று, "அக்கா, இந்த மூட்டை எங்கயோ ஈரத்துல இருந்திருக்கு. அடியில பூஞ்சை வாசம் வருது" என்றாள். கேட்டது யார், நீ உன் லேபிளைப் பார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சாக்கைக் கவிழ்த்தால் அடிக்காய் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. அன்றைக்கே அவள் மேல் கண் வைத்துவிட்டேன்.

"எல்லாத்துலயும் மூக்க நுழைக்கிற பொண்ணு. வேண்டாம்க்கா" என்று என் தங்கை எச்சரித்தாள். அந்த மூக்குக்காகத்தான் எடுக்கிறேன் என்றேன். என் மகனுக்கும் அவளைப் பிடித்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாட்டில் லேபிள் கோணலாக இருக்கிறது என்று தினம் நாலு தடவை அந்த மேசைக்குப் போய் வந்தவன், கல்யாணம் ஆனதும் கோணலைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

அவள் வந்த பிறகு வீட்டில் எதையும் மறைக்க முடியவில்லை. "முட்டிக்குத் தைலம் தேச்சிருக்கீங்களே அத்தை, வலி இல்லைன்னு சொன்னீங்க?" என்று சமையலறையிலிருந்தே குரல் வரும். குடிப்பாளோ என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு வாய் எடுப்பாள், நாக்கில் புரட்டுவாள், துப்பிவிடுவாள். விழுங்கி நான் பார்த்ததில்லை.

பீப்பாய் சமாச்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளியம்மா, மூடப்போகிற ஒரு ஒயின் கிடங்கிலிருந்து மூன்று பழைய மரப் பீப்பாய்களை வாங்கி வந்தார். பாதியாக அறுத்து வாசலில் பூச்செடி வைப்பதாக ஏற்பாடு. தச்சர் ரம்பத்தோடு வந்து நிற்கிறார். வேடிக்கை பார்க்கப் போன என் மருமகள், பீப்பாயின் வயிற்றில் இருந்த துளையில் மூக்கை வைத்தவள் வைத்தவள்தான்.

"மேடம், இத அறுக்காதீங்க. உள்ள இன்னும் வாசம் இருக்கு. நம்ம ஜின்ன இதுல ஊத்தி வெச்சுப் பாக்கலாம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். விஸ்கியைத்தான் மரத்தில் கிடப்பில் போடுவார்கள். ஜின் இறங்கின அன்றைக்கே ஜின். அதைப் பீப்பாயில் போட்டு மூடுவானேன்? உரக்கச் சிரித்தவன் என் மகன். ஆனால் முதலாளியம்மா சிரிக்கவில்லை. கொல்லைப்புறத்துக் கொட்டகையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். பல ஊர்களில் கடை வைத்திருக்கிற ஒரு பெரிய வியாபாரி வருடத்துக்கு ஒரு தடவை சரக்குப் பார்க்க வருவார். அவருக்குப் பிடித்துவிட்டால் கொட்டகை பீப்பாய் அறை, அதற்கு என் மருமகள் பொறுப்பு. பிடிக்கவில்லை என்றால் அங்கே அட்டைப்பெட்டி அடுக்கிவிட்டு, அவள் பழையபடி லேபிள் மேசைக்குப் போக வேண்டியது. பேச்சு அவ்வளவுதான்.

காய்ந்த பீப்பாய் ஒழுகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மரம் ஊறி உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ள வேண்டுமாம். அவள் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது பாட்டுக்கு ஓடியது. "நீ ஜின் பண்றியா, நீச்சல் குளம் கட்றியா?" என்று என் மகன் கேட்டான். அவள் வாளியை அவன் கையில் கொடுத்தாள். கிண்டல் செய்துகொண்டே அவன்தான் முக்கால்வாசித் தண்ணீரைச் சுமந்தான்.

அப்புறம் ஜின் உள்ளே போயிற்று. தினமும் காலையில் முதல் வேலையாகக் கொட்டகையைத் திறப்பாள். நீளக் கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, மோந்து, வாயில் வைத்து, துப்புவாள். தண்ணீர் மாதிரி இருந்த ஜின் மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வந்தது. நாள் கூடக் கூட நல்லதுதானே என்று கேட்டேன். இல்லையாம். அதிகம் கிடந்தால் மரம் ஜூனிபரை விழுங்கிவிடுமாம். "மரமும் பேசணும் அத்தை. ஆனா அடுத்தவங்களப் பேச விடாம அதுவே பேசிட்டு இருக்கக் கூடாது" என்றாள். என்னைச் சொல்கிறாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கேட்டுக்கொள்ளவில்லை.

வியாபாரி வருவதற்கு முந்தின நாள், "ரெண்டு ஆயிடுச்சு. மூணாவது ஆகல. அது ரொம்ப உழைச்ச மரம், மெதுவாத்தான் கொடுக்கும்" என்றாள். இரண்டு பீப்பாயையும் பின்கட்டுத் தொட்டியில் இறக்கினார்கள். பீப்பாயின் உட்புறம் தீயில் வாட்டியிருப்பார்கள், அதனால் கருகிய மரத்துணுக்குகள் மேலே மிதந்தன. அவற்றை அகற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவளுக்குப் பல வாரமாகக் கடைவாய்ப் பல் வலி. பல்லைப் பிடுங்கினால் ருசி தெரியாது என்று பொறுத்துக்கொண்டே இருந்தவள், ரெண்டும் ஆகிவிட்டது என்ற நிம்மதியில் அன்று மதியமே பல் டாக்டரிடம் போனாள். அங்கிருந்து என் மகனுக்குப் போன். வாய் முழுக்கப் பஞ்சு. அவளால் சொல்ல முடிந்தது ரெண்டே வார்த்தை. "வடிகட்டி வைங்க."

அவனும் வடிகட்டி வைத்தான்.

மறுநாள் காலையில் தொட்டியின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். உள்ளே பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. மாதக்கணக்கில் மரத்தில் கிடந்து சேர்த்த நிறம் ஒரு சொட்டு இல்லை. வாசனையும் போய்விட்டது. கரி அதைத் தின்றது போதாதென்று ஜூனிபரிலும் பாதியைத் தின்றிருந்தது.

"ரெண்டு தடவ ஓட்டினேன்" என்றான் என் மகன், பாராட்டை எதிர்பார்த்து. "மொத தடவ லேசா மஞ்சள் நின்னுச்சு."

விஷயம் காதில் விழுந்து நான் முன்கட்டிலிருந்து ஓடினேன். பெற்ற பிள்ளை என்று பார்க்கவில்லை. "கண்ணு அவ்வளவு நல்லா தெரியுதே, புத்தி எங்கடா போச்சு உனக்கு?" என்று நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

அவள் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அவரத் திட்டாதீங்க அத்தை" என்றாள். "நான் சொன்னதத்தான் செஞ்சாரு. என் ரூம்ல வடிகட்டுன்னா துணி. அவரு ரூம்ல வடிகட்டுன்னா கரி. எதுலன்னு நான் சொல்லல."

என் மகன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெளிந்த ஜின்னைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளியம்மா எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. மேசை மேல் ஒரு சின்ன பாட்டிலை வைத்தார். கருக்கிய சர்க்கரைப் பாகு, மிட்டாய் செய்கிறவர்கள் நிறத்துக்குச் சேர்ப்பது. "கொஞ்சம் கலந்தா அதே கலர் வந்துடும். ஊர்ல பாதிப் பேர் பண்றதுதான். வாசம் கம்மியா இருக்கேன்னு கேட்டா, மொத தடவை, அப்படித்தான்னு சொல்லிக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் பூச்செடி வைக்க வாங்கின பீப்பாயை ஒரு லேபிள்காரியின் பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுத்தவர். அவருக்கும் அந்த அறை நிலைக்க வேண்டும் என்றுதான் ஆசை. எனக்கும் அப்படியே. சரி என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினேன்.

அவள் இடுப்பிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து அந்தப் பாட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"கலர் ஊத்தினா அது நான் செஞ்சது இல்ல மேடம். நான் செஞ்சதுன்னு சொல்லி என்னால நீட்ட முடியாது. நீங்க அட்டப்பெட்டி அடுக்கிக்குங்க."

"தப்பு என்னோடது மேடம். லேபிள் மேசைக்கு என்னப் போடுங்க" என்றான் என் மகன். அவனைப் பெற்றதற்கு அன்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். முதலாளியம்மா இரண்டு பேரையும் பார்த்தார். பாகு பாட்டிலை இழுப்பறைக்குள் போட்டார், சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போதே வாசலில் கார் நிற்கிற சத்தம்.

வியாபாரி கனத்த ஆள். அதிகம் பேசமாட்டார். மற்றவர்கள் எல்லாம் ஏதேதோ வேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டதால் கண்ணாடி டம்ளர்த் தட்டை நான் தூக்கிக்கொண்டு போனேன். மருமகள் அந்தத் தெளிந்த ஜின்னை ஊற்றிக் கொடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பல் பிடுங்கின வாய், வார்த்தை குழறியது. அவர் மோந்து பார்த்தார், குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேற ஒண்ணும் இல்லையா?"

"மூணாவது ஒரு பீப்பாய் இருக்குங்க. ஆனா அது இன்னும் ஆகல."

"பரவால்ல, காட்டுங்க."

முதலாளியம்மாதான் கொட்டகையைத் திறந்தார். மருமகள் கண்ணாடிக் குழாயை விட்டு எடுத்து வியாபாரியின் டம்ளரில் இறக்கினாள். வெளிர் மஞ்சள். அவர் கண்ணை மூடி மோந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். அவர் புருவம் இறங்கி முகம் இளகுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நல்லாத்தானே இருக்கு. இதையே எடுத்துக்கறேன்" என்றார்.

முதலாளியம்மாவின் முகம் மலர்ந்தது. என் மகன் நிம்மதியாக மூச்சு விட்டான். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது, அறை தப்பியது, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைக்கிறேன். அவள் வாயைத் திறக்கிறாள்.

"இல்லீங்க. இது இன்னும் ஆகல."

முதலாளியம்மா அவளைப் பார்த்த பார்வையை என்னால் சொல்லி மாளாது. அவள் யாரையும் பார்க்கவில்லை, பீப்பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரம் இப்பத்தான் உள்ள கால் வெச்சிருக்குங்க" என்றாள். "இப்ப எடுத்தா நல்லா இருக்குன்னு சொல்வாங்க. அவ்வளவுதான் சொல்வாங்க. கொஞ்சம் பொறுத்தா வேற மாதிரி வரும்."

"எப்ப ஆகும்?"

"தெரியாதுங்க. ஆனதும் சொல்றேன்."

வியாபாரி டம்ளரில் மீதி இருந்ததை முடித்தார். அதைத் தட்டில் வைத்துவிட்டு முதலாளியம்மா பக்கம் திரும்பினார்.

"இவங்க ஆச்சுன்னு சொன்ன அன்னைக்கு எனக்கு ஆள் அனுப்புங்க. வேற யாரு சொன்னாலும் நான் வர மாட்டேன்" என்றார். வாசல்படி வரை போனவர் நின்று உள்ளே பார்த்தார். "ரெண்டு பீப்பாய் காலியா இருக்கு போலிருக்கே. காய விடாதீங்க. ரொப்பி வைங்க."

முதலாளியம்மா பையிலிருந்து சாவியை எடுத்து, "பூட்டிட்டு வாம்மா" என்று மருமகளிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் வேகமாக நடந்தார். நானும் தட்டோடு ஓடினேன்.

காரின் கதவைத் திறந்துகொண்டே வியாபாரி, "யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"எங்க பீப்பாய் ரூம் பொறுப்பு" என்றார் முதலாளியம்மா.

என்னை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் ரெண்டு அடி முன்னால் போய், தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு சொன்னேன்.

"என் மருமகங்க."