ஆமைக்கு ஒரு துளை அதிகம்

மின்சாரத்தைப் போடுவதற்கு முன்னால் நெவேனா கண்ணை மூடிக்கொள்வாள். இயந்திரத்தின் குறுக்குப் பாலத்தில் இரண்டு விரலை மட்டும் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் தள்ளிக்கொண்டு போவாள். தண்டின்மேல் உருளைகள் ஓடும் சத்தம், தூரத்தில் யாரோ பட்டுத்துணியை மடிப்பதுபோல இருக்கும். நடுவில் எங்காவது சின்னத் தயக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தூசி துடைத்து எண்ணெய் விடவேண்டும். தட்டுப்படாவிட்டால் கண்ணைத் திறந்து, "சரி, கிளம்பலாம்" என்று அதனிடம் சொல்வாள். வேறு யாரிடமும் அவள் அவ்வளவு சகஜமாகப் பேசிப் பார்த்ததில்லை என்பார் பக்கத்து ஷெட்டுக்காரர் போத்யோ.

பகலெல்லாம் அவளுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. டான்யூப் கரையிலிருக்கும் ரூசே நகரத்துக் கிழவர்களில் பாதிப்பேர் அவள் வார்த்த பல்லால்தான் ரொட்டி கடிக்கிறார்கள். வேலை விட்டதும் வீட்டுக்கு ஏறாமல், குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் கார் ஷெட்டுகளில் தன்னுடையதைத் திறப்பாள். கார் கிடையாது. கார் நிற்கவேண்டிய இடத்தில் அந்த சி.என்.சி. இயந்திரம். கணினி சொன்ன கோட்டில் நகர்ந்து மரத்தைச் செதுக்கும். தூக்கிப்போட்ட பிரின்டர்களின் மோட்டார், கப்பல் பட்டறைக் கழிவில் கிடைத்த அலுமினியத் தகடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அவளே கட்டியது. மெதுவாகப் போகும். அதனால் ஆமை என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆமையின் வலது தகட்டில் ஒரு துளை அதிகம். கட்டிய நாளில் அந்தத் தகட்டைத் துளையிடும்போது, ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி திறந்த கதவு வழியே ஒரு பூனையைப்போல உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் வரைபடம் போட்டபோது, அந்தத் துளையை விட்டுவிட மனம் வரவில்லை. அதையும் வரைந்துவைத்தாள்.

"அந்த ஓட்டை எதுக்கு?" என்று போத்யோ கேட்பார்.

"காத்து போக, அண்ணே."

"நல்லா போகுது. ஒன் மூளை வழியாத்தான்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வரைபடங்களை 'ஆமை' என்றே தலைப்பிட்டு, வீட்டிலேயே இயந்திரம் கட்டுகிறவர்கள் கூடும் இணையதளத்தில் ஏற்றினாள். சொந்தப் பெயர் போடக் கூச்சம். 'மூடுபனி' என்று மட்டும் போட்டாள். யார் செய்யலாம், யார் விற்கலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லும் உரிமக் குறிப்பு எழுதுவதற்கு அங்கே ஒரு கட்டம் இருந்தது. அதையும் காலியாகவே விட்டாள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலில் நின்று செருப்பைச் சோதிப்பது போலிருக்கும் என்று நினைத்தாள். திறந்து வைத்தாயிற்று, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அதன்பிறகு பேருந்தில் போகும்போதெல்லாம் ஒரு கனவு வரும். பெயர் தெரியாத ஏதோ ஊர். மழை. யாரோ ஒருவரின் சமையலறை மேசையில் இன்னொரு ஆமை ஊர்ந்துகொண்டிருக்கும். அதன் வலது தகட்டில் அதே துளை, அதற்குள் அந்த ஊர் வெளிச்சம் ஒரு புள்ளியாக. அந்தத் தளத்தில், பிறர் வரைபடத்தைக்கொண்டு ஒன்றைக் கட்டியவர்கள் தாங்கள் செதுக்கிய முதல் துண்டைப் படம் எடுத்து அதே பக்கத்தில் ஒட்டுவது வழக்கம். நெவேனாவின் பக்கத்தில் ஒரு படம்கூட வரவில்லை. காலையில் பார்ப்பாள், மாலையில் பார்ப்பாள். பிறகு பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று ஆமையிடமே சொன்னாள்.

இலையுதிர்காலத்தில், பல் கட்டும் பொருள்கள் வாங்க பிளோவ்திவ் நகரத்துக் கண்காட்சிக்குப் போனாள். வழி தப்பிப் பக்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்தவள் ஒரு கடைமுன் நின்றுவிட்டாள். மேசைமேல் ஆமை. கறுப்பு வண்ணம் பூசி, விலைச்சீட்டு கட்டி, நகைக்கடைப் பொம்மைபோல் நின்றது. வலது தகட்டில் துளை. பாலத்தின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகட்டை நாலு திருகு போட்டு முடுக்கியிருந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை. தேய்த்து அழித்தது மாதிரி வெறும் பளபளப்பு. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்து கேட்டிருக்கலாம். என்ன என்று கேட்பது? நெவேனா இரண்டு விரலைப் பாலத்தில் வைத்து ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். தயக்கமே இல்லாமல் ஓடியது. அதுதான் கூடுதலாக வலித்தது. திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.

மறுநாள் ஷெட்டு வரிசை முழுக்கச் சுட்ட குடைமிளகாயின் வாசனை. அந்தப் பருவத்தில் அங்கே எல்லோரும் மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய் வாங்கி, சுட்டு, தோலுரித்துத் தொக்கு கிண்டுவார்கள். போத்யோ உரித்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். விரலெல்லாம் சிவப்பு.

"அப்ப என்ன பண்ணப் போற?"

"எல்லாத்தையும் அழிச்சிரப் போறேன். இனிமே அது என் ஷெட்டுல மட்டும் இருக்கட்டும்."

"அழி. அவன் கிட்ட இருக்கறது அழிஞ்சிரும்னு நெனைக்கிறியா?"

அவள் கணினியைத் திறந்தாள். அழிக்கப்போன பக்கத்தின் அடியில், அந்த வாரம்தான் வந்த ஒரு குறிப்பு இருந்தது. பிளெவெனில் ஒரு பொதுப் பட்டறை நடத்தும் காலோயான் என்பவர் எழுதியிருந்தார்: உங்கள் ஆமையைக் கட்ட ஆசைப்படுகிறோம். ரொம்ப நாளாகவே. ஆனால் அனுமதி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதாவிட்டால் சட்டப்படி எல்லாம் உங்களுக்கு மட்டுமே சொந்தம் என்பதால் தொடவில்லை. கட்டலாமா?

"பாருங்க," என்றாள் எரிச்சலோடு. "எடுத்தவன் கேக்கல. கேக்கறவர் எடுக்கல. நடுவீதியில தெறந்துதானே வச்சேன்?"

போத்யோ வாயைத் திறப்பதற்குள் மேல்மாடி யோர்தான்கா அம்மாள் மூச்சுவாங்க வந்தாள்.

"போத்யோ, வாசல் பெஞ்சுல யாரோ தொக்கு பாட்டிலெல்லாம் மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்கப்பா. நேத்துலேர்ந்து ஜன்னல்ல ஒக்காந்து காவல் காக்கறேன். இருந்தும் அந்த லிஃப்ட் ரிப்பேர்காரன் ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

போத்யோவின் முகம் மிளகாயின் நிறத்துக்கு வந்தது. "அது நான் வச்சதும்மா. எல்லாரும் எடுத்துக்கத்தான்."

"அப்படின்னு பாட்டில் சொல்லுச்சா?"

"இதைக்கூடவா சொல்லணும்?"

"சொல்லாம எப்படிப்பா எடுக்கறது? அடுத்தவங்க சாமான்." அம்மாள் பாவமாக உதட்டைச் சப்பினாள். "எனக்கு நேத்தே ஆசையாத்தான் இருந்துச்சு."

நெவேனா சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. சிரித்து முடித்தபோது கண்ணில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மிளகாய்ப் புகையாகவும் இருக்கலாம். இரண்டு வருடமாகத் தன் பெஞ்சுக்கு எதிரே எத்தனை ஜன்னல்களில் எத்தனை பேர் ஆசையோடு உட்கார்ந்திருந்தார்களோ.

போத்யோ ஓர் அட்டையைக் கிழித்து, சிவந்த விரலாலேயே பேனா பிடித்து எழுதினார்: எடுத்துக்கோங்க. பாட்டிலைக் காலியாத் திருப்பித் தராதீங்க. போத்யோ, மூன்றாவது ஷெட்.

"காலியாத் தந்தா?" என்றாள் நெவேனா.

"யாரும் தரமாட்டாங்க. எம் பேரு போட்டிருக்கேன்ல."

பெஞ்சில் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது, அவள் அந்தக் காலிக் கட்டத்தின்முன் உட்கார்ந்திருந்தாள். பல தினுசு உரிமங்கள் பட்டியலாக இருந்தன. வீட்டுக்கு மட்டும் என்பது ஒன்று, விற்கக்கூடாது என்பது ஒன்று. அவள் விரல் விற்கக்கூடாது என்பதன்மேல் நெடுநேரம் நின்றது. பிளெவென் பட்டறை தான் செதுக்கியதை விற்றுத்தானே வாடகை கட்டவேண்டும் என்று யோசித்தாள். பிறகு கீழே நகர்ந்தாள். யாரும் கட்டலாம், யாரும் விற்கலாம், வரைந்தவர் பெயரைச் சொல்லவேண்டும், மாற்றினால் மாற்றிய வரைபடத்தையும் இதேபோல் எல்லோருக்கும் திறந்து வைக்கவேண்டும்.

"விக்கவும் விடுறியா? அந்தப் பிளோவ்திவ்காரனையுமா?"

"விக்கட்டும், அண்ணே. பாட்டில் காலியா வராம இருந்தா போதும்."

ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் தன் பெயரைத் தட்டினாள். நெவேனா, ரூசே. முதல் தடவை தட்டும்போது, கூட்டத்தில் யாரோ உரக்கக் கூப்பிட்டதுபோல் காது சுட்டது. அப்புறம் பழகிவிட்டது. வலது தகடு வந்ததும், அதிகப்படித் துளையை அழித்துவிடலாமா என்று பார்த்தாள். வேண்டாம். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: இது தேவையில்லை, மூடுபனி செய்த வேலை.

டான்யூப் ஓரங்களில் பனிக்கட்டி கட்டிய காலத்தில் பிளெவெனிலிருந்து முதல் படம் வந்தது. பிர்ச் மரப் பலகையில் கோணலாக ஓர் ஆமை. பின்னால் மேசைமேல் நிஜ ஆமை, அதன் துளையில் கயிறு கோத்துத் தூசித் துடைப்பம் ஒன்று தொங்கியது. 'துடைப்பத்துக்கு இடம் யோசித்து வைத்ததற்கு நன்றி' என்று காலோயான் எழுதியிருந்தார். அன்று பேருந்தில் நெவேனா ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். கனவு வந்தது. இந்தமுறை ஊருக்குப் பெயர் இருந்தது, சுவரில் ஒரு துடைப்பத்தின் நிழல் ஆடியது. இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. ஆற்றோரமாக நடந்தே திரும்பினாள்.

அடுத்த மிளகாய்ப் பருவம் வந்த பிறகுதான் அவளுக்கு இன்னொன்று தெரியவந்தது. பிளோவ்திவ் கடைக்காரருக்கு அந்த வரைபடங்கள் இணையதளத்திலிருந்து கிடைத்தவை அல்ல. கைமாறிக் கைமாறி யாருடைய பென்டிரைவிலோ வந்தவை. வரைந்தது யார் என்று அவர் விசாரித்த இடத்திலெல்லாம் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பித்தளைத் தகட்டில் எந்தப் பெயரும் அழிக்கப்படவில்லை. என்றாவது தெரிகிற அன்று பொறித்துக்கொள்ளலாம் என்று, விற்ற ஒவ்வொரு இயந்திரத்திலும் அவர் அதை வெறுமையாகவே முடுக்கி அனுப்பியிருந்தார்.