மஞ்சள் விளக்கும் மூன்றடுக்கு கேக்கும்

சூளகிரியைத் தாண்டியதும் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்சீட்டில் மூன்றடுக்கு கேக். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மனைவி. நான் உடனே ஏசியை அணைத்தேன். இன்ஜினுக்குப் பாரம் குறையுமாம். யார் சொன்னது? யாருமில்லை, பயம் சொன்னது.

அந்தக் கேக்கைப் பற்றிச் சொன்னால்தான் நான் செய்த காரியத்தின் அருமை புரியும். மனைவி ஓசூரில் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதுவரை எல்லாம் அக்கம்பக்கத்துப் பிறந்தநாள்கள்தான். முதல்முறையாகக் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஆர்டர் வந்திருந்தது. கேக் ஒழுங்காக வந்தால் தன்னிடம் வரும் கல்யாணக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவதாக மண்டபத்து மேனேஜர் வேறு வாக்குக் கொடுத்திருந்தார். கேக் பிரிட்ஜுக்குள் குடியேறியதும் தயிரும் கீரையும் பக்கத்து வீட்டுக்கு அகதிகளாகப் போயின. நான் மோர் குடிக்க வேண்டுமென்றால் காலிங்பெல் அடிக்க வேண்டும். அவள் ஏசி வேன் ஒன்றை வாடகைக்குப் பிடிக்கலாம் என்றாள். நம் வண்டி எதற்கு இருக்கிறது என்று மார்தட்டியவன் நான்.

"ஏங்க, ஏசி ஏன் நின்னுச்சு?" என்றாள்.

விளக்கைக் காட்டினேன். கண்ணாடியில் தெரிந்த அவள் முகம் என்னைப் பார்க்கவில்லை, கேக்கைப் பார்த்தது.

"லைட்டு எரிஞ்சா எரியட்டும். கிரீம் எளகுனா நான் என்னா பண்ணுவேன்? ஏசியப் போடுங்க."

போட்டேன். பிறகு பயந்து அணைத்தேன். பிறகு அவள் இருமினாள், போட்டேன். இப்படியே குந்தாரப்பள்ளி வரை வந்துவிட்டோம். அதற்குள் என் மனதில் இன்ஜின் இரண்டு தடவை வெடித்திருந்தது. மண்டப வாசலில் நாங்கள் கேக்கைத் தலையில் சுமந்துகொண்டு நடந்து போய்ச் சேரும் காட்சியும் ஓடி முடிந்திருந்தது. அதில் நான் நொண்டிக்கொண்டிருந்தேன். ஏன் நொண்டினேன் என்று எனக்கே தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை, சந்தை நாள். ஓரமாக ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கமாக நடந்ததும் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. அவ்வளவுதான். இறங்கு, இறங்கு, வண்டி பற்றிக்கொள்ளப் போகிறது என்று கத்தினேன். பக்கத்தில் கட்டியிருந்த ஆடுகள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தன. மனைவி மட்டும் அசையவில்லை.

"கேக்க உட்டுட்டு நான் எறங்க மாட்டேன்."

"உசுரு பெருசா, கேக்கு பெருசா?"

"உங்க உசுருதான் வெளிய நிக்குதே. அப்புறம் என்னா?"

மாட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போன கன்னட வியாபாரி ஒருவர் நின்று, "ஏனு சார், காடி நிந்தோய்த்தா?" என்றார். வண்டி நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். அவர் என்னையும், உள்ளே கேக்கைக் கட்டிப்பிடித்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ குடும்பத் தகராறு என்று முடிவு கட்டியவர்போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போது என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் இருக்கிறேன். அங்கே எந்தக் கோளாறு வந்தாலும் 'ஒய்-ஒய்' போடுவோம். மிஷின் நின்றது, ஏன்? பெல்ட் அறுந்தது. அது ஏன்? இப்படி ஏன், ஏன் என்று துளைத்துக்கொண்டே போனால் அடியில் உண்மையான காரணம் அகப்படும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். பதறாதே, கேள்வி கேள் என்பதுதான் என் முதல் பாடம். வீட்டில் சாம்பார் தீய்ந்தாலும் ஒய்-ஒய் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடனை அன்று அவள் தீர்த்துக்கொண்டாள். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, போலீஸ் ஸ்டேஷன் போல விசாரிக்க ஆரம்பித்தாள். வாசனை எங்கே வருகிறது? வண்டி முன்னாலா, பின்னாலா? பின்னால், டேங்க் பக்கம். வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா? குனிந்து பார்த்தேன், தரை காய்ந்து கிடந்தது. அப்படியானால் மேலேதானே? பெட்ரோல் மூடியைப் பாருங்கள் என்றாள்.

பார்த்தேன். மூடி கெட்டியாகத்தான் இருந்தது. திருகினேன், டக்கென்று சத்தம் கேட்டது. மூடி பிரமாதமாக இருக்கிறது, கோளாறு இன்ஜினில்தான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

அப்போதுதான் அவள் கேக்கை விட்டு இறங்கினாள். ஏசி இல்லாத ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கிரீமுக்கு ஆகாது, எனக்குத் தெரியும். அவள் நடையிலும் அது தெரிந்தது.

"டக்குனு சத்தம் வந்தா மூடிருச்சுன்னு அர்த்தமா? என் டப்பா மூடியும்தான் டக்குங்கும். ஓரத்துல துளி கிரீம் ஒட்டிக்கிட்டிருந்தா உள்ள காத்துப் போகும். மறுநா பிஸ்கெட்டு நமுத்துப்போயிக் கெடக்கும்."

மூடியைக் கழற்றி, திருப்பி, உள்பக்கத்து ரப்பர் வளையத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வளையத்தின் மேல் காய்ந்து பொருக்குத் தட்டிய சந்தனம். அதன் நடுவில் குங்குமம். அதில் ஒட்டிக்கொண்டு வாடிப்போன ஒரு சாமந்தி இதழ்.

"இந்தப் பொட்டு யாரு வெச்சது?"

நான் ஆட்டு மந்தையைப் பார்த்தேன்.

சில நாட்களுக்கு முன்தான் ஆயுதபூஜை. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு லேத் மிஷினிலிருந்து காபி மிஷின் வரை பொட்டு வைப்போம், பிறகு வாசலில் நிற்கும் அவரவர் வண்டிகளுக்கு. எல்லோரும் சக்கரத்துக்கும் பானட்டுக்கும் வைத்தார்கள். கூட்டம் சிரிக்க வேண்டுமே என்று நான் பெட்ரோல் மூடியைக் கழற்றி, வண்டிக்கு வாய் இதுதான், சாமிக்கு ஊட்டுகிற மாதிரி வைக்க வேண்டும் என்று சொல்லி, உள்பக்கமாக அப்பினேன். நன்றாகச் சிரித்தார்கள். பூவும் வைத்தேன். இன்னும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காய்ந்து, மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பெட்ரோல் ஆவியைக் கசியவிட்டிருக்கிறது. அதை வண்டியின் கம்ப்யூட்டர் மோப்பம் பிடித்து விளக்கைப் போட்டிருக்கிறது.

அவள் கேக் சாமான் பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து வளையத்தைத் துடைத்தாள். நகத்தால் சுரண்டினாள். துகள் டேங்குக்குள் விழாமல் கழுத்தையும் சுற்றித் துடைத்தாள். திருகி மூடினாள். கொஞ்ச நேரம் நின்று மோந்து பார்த்தோம். சந்தை வாசனை மட்டும்தான் இருந்தது. நான் துள்ளிக் குதித்து ஸ்டார்ட் செய்தேன்.

விளக்கு எரிந்தது.

என் கை மறுபடி கதவைத் திறக்கப் போனது. ஆனால் இந்த முறை என் வேலை என்னைக் காப்பாற்றியது. கம்பெனியில் கோளாறைச் சரிசெய்த உடனே அலாரம் போய்விடாது. மிஷின் சில சுற்று ஒழுங்காக ஓடிய பிறகுதான் தானாக நம்பும். இதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். விளக்கு மினுக்கவில்லை, நிலையாகத்தான் எரிந்தது. இன்ஜின் சூடும் ஏறவில்லை. வண்டி குலுங்காமல் ஓடியது.

"இருக்கணுமா, இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்."

"அப்ப ஏசியப் போடுங்க. லைட்டப் பாக்காம ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கிருஷ்ணகிரி வரை அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே வந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்காக நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

மண்டபத்தில் இறக்கும்போது மேலடுக்கில் ஒரு ரோஜா மட்டும் கொஞ்சம் தலை சாய்த்திருந்தது. தன் சின்னக் கத்தியால் அவள் அதை நிமிர்த்தினாள். மேனேஜர் கேக்கைச் சுற்றி வந்து பார்த்தார். கைப்பேசியில் படம் எடுத்தார். பிறகு அடுத்த மாதம் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது, அவர்களிடம் உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். திரும்பி வந்து அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஏசியை முழுசாகத் திருப்பித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஓசூர் வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது சாதனை.

அடுத்த வாரம் ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் பார்த்தால் விளக்கு இல்லை. தானாகவே அணைந்திருந்தது. வண்டியை ஓரங்கட்டி அவளைப் போனில் கூப்பிட்டு, போயிருச்சு, போயிருச்சு என்று கத்தினேன். பின்னால் மாவு கலக்கும் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நல்லது," என்றாள். "நிச்சயதார்த்தத்துக்கு அவங்க நாலடுக்கு கேக்குறாங்க. ஏசி வேனுக்குச் சொல்லிட்டேன்."