இத்தா அறையில் குறைந்த மூச்சு

என் மகள் பரீனா நிறுத்தாமல் கதைக்கிறவள். போன மாரிமழை தொடங்கிய நாட்களில் அவளுடைய பேச்சு நடுவில் நிற்கத் தொடங்கியது. ஒரு வசனத்தை இரண்டாக உடைத்து, இடையில் மூச்செடுத்துச் சொன்னாள். உடுப்புக் காயப்போட்டுவிட்டு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வயது நாற்பது. சிறுவயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. ஆனால் இப்படி இருந்ததில்லை.

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். மருமகன் கத்தாரில் வேலை செய்கிறார். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், ஆட்களோடு கதைக்கக் கூச்சம். பிள்ளையோடு கிளினிக் வாசலில் காத்திருக்கும் உம்மாமாருக்காக இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலின் வலுவை அளக்கும் சோதனை) செய்தார்கள். டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, பிறக்கும்போது நிறை எவ்வளவு என்று கேட்டார்.

"அது தெரியா டொக்டர். இது வாப்பாட வழி. அவங்கட குடும்பத்துல எல்லாருக்கும் இழுப்பு" என்றாள் மகள்.

அவளுடைய தந்தையின் மேல் பழியைப் போடும் அந்தப் பதில் நான் சொல்லிக்கொடுத்தது. பொய்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "உம்மா, இவ வயித்துல இரிக்கக்குள்ள உங்களுக்கு ஏதும் வருத்தம் இருந்ததா? சரியாச் சொன்னாத்தான் சரியான மருந்து. சும்மா இழுப்பு எண்டு குடுத்துக்கிட்டு இரிக்க ஏலா."

மகளுக்கு முன்னால் சொன்னால் அவள் என்னை விட்டுவிடுவாள் என்று பயந்தேன். சொல்லாவிட்டால் மருந்து பிழையாகிவிடும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

கணவர் மவுத்தானபோது (இறந்தபோது) இவள் வயிற்றில் ஐந்து மாதம். இத்தா (கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காலம்) பிள்ளை பிறக்கும்வரை. திரை போட்ட அறையில் இருந்தேன். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது வீட்டுக்கு வந்து என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் நல்லாக் குறைஞ்சிரிக்கி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று துண்டு எழுதித் தந்தா. அங்கே ஆண் டொக்டர். துண்டைத் தொழுகைப் பாயின் கீழ் வைத்தேன். மாமி (கணவரின் உம்மா) கேட்டபோது, எல்லாம் சுகம் என்றேன்.

என்னை யாரும் தடுக்கவில்லை. மருந்துக்காக வெளியே போக மார்க்கத்தில் இடமுண்டு என்று பிறகு அறிந்தேன். வாய் திறந்திருந்தால் மாமியே கூட்டிப் போயிருப்பா. கடைசி நாட்களில் பிள்ளையின் துடிப்புக் குறைந்தது. அதையும் சொல்லவில்லை. எட்டாம் மாதம் பிறந்தாள். அழவில்லை, உடம்பு நீலம். உடனே ஒட்சிசன் (பிராணவாயு) வைத்தார்கள்.

டொக்டர் இறக்காமத்து வயற்காரக் குடும்பம். அதனால் அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

"தண்ணி குறைஞ்ச போகத்துல எல்லா வாய்க்காலும் திறக்க மாட்டாங்கதானே உம்மா. வயித்துப் பிள்ளைக்கு ஒட்சிசன் குறைஞ்சாலும் அப்படித்தான். முதல்ல மூளைக்கும் இருதயத்துக்கும். நுரையீரலுக்கு மறுகா."

மரபணு (உடம்பு எப்படி வளரவேண்டும் என்ற கட்டளை) மாறுவதில்லையாம். எந்தக் கட்டளை திறக்கும், எது மூடும் என்பதுதான் மாறுமாம். வயிற்றில் இருக்கும் காலத்தில் நுரையீரலின் காற்றுப்பைகள் குறைவாக உருவாகலாம், சில மூடல்கள் பிறந்த பிறகும் நீடிக்கலாம் என்றார். "இதுதான் காரணம் எண்டு முழுசாச் சொல்லவும் ஏலா. குறைமாசமும் ஒரு காரணம்" என்றும் சொன்னார்.

ஓட்டோவில் மகள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மாவடிப்பள்ளி வயல்கள் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"மவுத்தான மனிசன்ட தலையில கட்டிட்டீங்க. கேக்க ஆளில்ல எண்டுதானே."

"ஓம்" என்றேன்.

"துண்டக் குடுத்தா டொக்டர் உங்களத் திண்டிருவாரா உம்மா?"



பதினைந்து நாட்கள் அவள் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவாள். நான் தனியே சாப்பிட்டேன்.

மருந்து மாற்றினார்கள். உறிஞ்சும் மருந்து (இன்ஹேலர்), சளிக்காலத்துக்கு முன் தடுப்பூசி, தினமும் மூச்சுப் பயிற்சி. விறகடுப்பை நிறுத்திவிட்டோம். குறைந்த காற்றுப்பைகள் இனி வளரப்போவதில்லை. இருப்பதைக் காக்கலாம். இப்போது உடுப்புக் காயப்போட்டுவிட்டு நிற்காமல் வருகிறாள்.

வயிற்றில் துடிப்புக் குறைந்தால் அன்றைக்கே போங்கள். அங்கே இருப்பது ஆண் டொக்டரா பெண் டொக்டரா என்று பார்க்க வேண்டாம்.

பதினாறாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என் கட்டிலில் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "கைய வைங்க. சரியா ஊதுறனா பாருங்க." அவ்வளவுதான். பொறுத்துக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் கை வைக்கிறேன். அந்த அறையில் இருந்த மாதங்கள் முடிந்துபோனவை என்று நினைத்திருந்தேன். அவை என் உள்ளங்கையின் கீழ் ஏறி இறங்குகின்றன. உதட்டைக் குவித்து அவள் மெதுவாக ஊதுகிறாள். அவளோடு சேர்ந்து நானும் ஊதுகிறேன்; என் மூச்சு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அவள் அடுத்ததை எடுக்கும்வரை நானும் எடுக்காமல் இருக்கிறேன்.