ப்ளீச்சிங் ஷெட்டில் கட்டின தொட்டில்

எண்பதுகளோட கடைசியில, இராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனியில ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுற காஸ் துணியை மடிக்கிற வேலை எனக்கு. எட்டு மாசப் பொம்பளப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் போவேன். கைப்பிள்ளைக்காரிக நாலு பேரு. நாலு பேருமே தொட்டிலை ப்ளீச்சிங் ஷெட்டுலதான் கட்டுவோம். துணி வெளுக்கிற மருந்துத் தொட்டிக இருக்கிற இடம். அந்த நெடிக்குக் கொசு, ஈ எதுவும் அண்டாது. எம்பிள்ளை அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவா. "ஏட்டி, உம்மக கொடுத்துவச்சவ"ம்பாளுக. எனக்குப் பெருமைன்னா பெருமை, அம்புட்டுப் பெருமை.

ரெண்டு வயசாகியும் அவ நடக்கல. பேச்சு 'ம்மா'வோட நின்னுபோச்சு. நெஞ்சுல எந்நேரமும் இழுப்பு. மந்திரிச்சுப் பாத்தேன், நாக்குல வசம்பு தேய்ச்சுப் பாத்தேன், ஒண்ணும் கதைக்காகல. பொறவு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்டத் தூக்கிட்டுப் போனேன்.

அவிய பிள்ளை தலையை மோந்து பாத்து, "என்னம்மா, ப்ளீச்சிங் வாடை அடிக்குது? எங்க தூங்கப் போடுற?"ன்னு கேட்டாக. பெருமையாத்தான் சொன்னேன்.

"கொசுவே பிழைக்காத இடத்துல பச்சப்பிள்ளையைப் போட்டிருக்கியேம்மா"ன்னாக.

எனக்கு வந்துச்சே கோவம்! "என்னையவிட உங்களுக்குப் பாசமோ எம்பிள்ளை மேல?"ன்னு எகிறிட்டேன். நடக்காததுக்கும் அதான் காரணமான்னு அவியளுக்கே உறுதியாச் சொல்லத் தெரியல. மொதல்ல அங்கிருந்து தூக்குன்னு மட்டும் சொன்னாக. திரும்பி வாரப்ப பஸ்ல வழிநெடுக அழுதேன்.

மறுநாளே தொட்டிலை அவுத்து வாசல் வேப்பமரத்துல கட்டினேன். மத்தவளுக மொதல்ல சிரிச்சாளுக, அப்புறம் ஒவ்வொருத்தியா அவுத்தாளுக. மூணு வயசுல எம்மக நடந்தா. நாலு வயசுல, அடேயப்பா, வாய் ஓயல. இழுப்பு மட்டும் போகவேயில்ல.

பத்து வயசுல ஒருநாள் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துல பாதியில மூச்சு முட்டி உக்காந்துட்டாளாம். வீட்டுக்கு வந்து, "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?"ன்னு கேட்டா. மறைக்க மனசு வரல. தொட்டில் கட்டின கதையை ஒண்ணுவிடாமச் சொன்னேன். "நாந்தாண்டி பண்ணிட்டேன்"னேன்.

அதுக்கு அவ கேட்டா: "அங்க நான் அழுதா உனக்குக் கேக்குமா?"

"கேக்கும். ஓடியாந்து பால் குடுப்பேன், மணிக்கு ஒருதரம்."

"அப்ப நீயும் அந்த நெடியிலதானம்மா இருந்திருக்க?"ன்னு சொல்லி, என் நெஞ்சுல காதை வச்சு எனக்கும் இழுப்பு இருக்கான்னு பாத்தா.